மறுபடியும் பழுது

“என்னங்க, மறுபடியும் உங்க கம்ப்யூட்டர் என் லேப்டாப்ல தெரிய மாட்டேங்குது.”

சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த டாக்டர் திரும்பவே இல்லை.

அவர் வைத்தியம் பார்த்தது மனிதர்களுக்கு அல்ல. பதினெட்டு வருடம் நடத்திய சர்வீஸ் கடையின் போர்டில் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று போட்டிருந்தார். தெருக்காரர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு மீதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு மாதத்துக்கு முன் கடையை மூடியபோது அந்தப் பட்டம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து சோபாவே கதி.

“உன் ஆபீஸ் சிஸ்டம்காரனைக் கேளேன். அவன்தான் பெரிய கெட்டிக்காரனாச்சே.”

“அவர் கெட்டிக்காரர்தான். அதுக்காக வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? மதியத்துக்குள்ள நாலு பிளான் பிரின்ட் எடுக்கணுங்க.”

கெட்டிக்காரர்தானாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பாளன் அவன். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதும் அவன் பேச்சுதான், துணி மடிக்கும்போதும் அவன் பேச்சுதான். ஒரு காலத்தில் இந்த வீட்டில் அப்படிப் பேசப்பட்டது இவரைப் பற்றி.

மனைவி கட்டட பிளான் வரைகிறவள். ஆபீசில் கொடுத்த ஆப்பிள் லேப்டாப்பில் வீட்டிலிருந்தே வேலை. பிரின்டரும் பழைய பிளான்களும் இருப்பது டாக்டரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருந்தார். என்ன காரணமோ, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி வாரத்துக்கு ஒரு தடவை இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இவர் எழுந்து போய்ச் சமாதானம் பண்ணி வைக்க வேண்டியிருந்தது.

முதல் வாரம் ஃபோல்டரைப் பகிரும் ஷேரிங் அணைந்து கிடந்தது. அடுத்த வாரம் பாஸ்வேர்டு மாறியிருந்தது. இரண்டும் பத்து நிமிட வேலை. “கண்டதையும் அமுக்கித் தொலைக்காதே” என்று திட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிட்டார்.

இன்றைக்கு அப்படி முடியவில்லை. ஷேரிங் சரி. பாஸ்வேர்டு சரி. லேப்டாப்பில் இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் அதன் கண்ணில் படவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அகப்பட்டது. லேப்டாப்புக்குள், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபைலில், அவருடைய கம்ப்யூட்டரின் பெயருக்கு நேரே வேறு ஏதோ முகவரி எழுதியிருந்தது. தபால்காரரிடம் தப்பான விலாசத்தைக் கொடுத்த மாதிரி. அந்த வரியை அழித்தார். ஃபோல்டர் திறந்துகொண்டது.

ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இது கை தவறி வந்த வரி இல்லை. விஷயம் தெரிந்த ஒருத்தர் வேண்டுமென்றே எழுதியது. சேமித்த ஃபைலை எங்கே வைத்தேன் என்று இவரையே வந்து கேட்கிறவள் அவள். அவள் எங்கே இதை எழுதுவது?

ஆபீசில் இருந்தபடியே இந்த லேப்டாப்புக்குள் நுழையக்கூடியவன் ஒருத்தன்தான். அவனே கெடுப்பான், இவள் போன் பண்ணுவாள், பேச்சு வளரும். போன வாரம்கூடப் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு சிரித்துச் சிரித்துப் பேசினாளே.

நேரம் பார்த்து, மேஜையில் கிடந்த அவள் போனில் செய்தி வந்து விழுந்தது. சிஸ்டம்காரன்தான்.

‘மேடம், வேலை செஞ்சுதா? சாருக்குச் சந்தேகம் வரலையே?’

சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. போனுக்கு அவள் பூட்டுப் போடுவதில்லை. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், இந்தத் தடவை அவர் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்க மேடம்.”

“மேடம் இல்ல, சார்தான் பேசுறேன். சந்தேகம் வந்துடுச்சு. அந்த வரியை எழுதினது நீதானே?”

“அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?”

“பதினெட்டு வருஷம் இதே தொழில்ல கிடந்தவன் நான். வெளியில இருந்துக்கிட்டே என் வீட்டுக்குள்ள கை வைக்கிறியா? உங்க முதலாளிகிட்ட பேசுறேன், இரு.”

“சார், கோவப்படாதீங்க. அதை எழுதினது நான் இல்ல. மேடம்தான்.”

“யார்கிட்ட கதை விடுற? அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

“என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? இங்க பாதிப் பேருக்கு ஷேரிங் போட்டுக் கொடுத்ததே அவங்கதான். கடையில உங்க பக்கத்துல உக்காந்து பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டதா சொல்வாங்க.”

டாக்டர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

“அப்போ உன்கிட்ட எதுக்கு அவ்வளவு பேச்சு?”

“என்கிட்ட அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் சார். ‘நான் என்ன பழுது பண்ணி வச்சாலும் அவரு பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துடுறாரு. கொஞ்சம் கஷ்டமானதா ஒண்ணு சொல்லிக் கொடுங்களேன்’னு கேட்டாங்க.”