தலையில் அப்பிய சந்தனம்

ஆயுத பூஜை வரை ஒழுங்காக ஓடிய தில்லைநாயகத்தின் கிழட்டுக் கார், மறுநாள் காலை கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "இனிமே இதைக் காயலான் கடைக்குத்தான் போடணும்" என்று அவர் சலித்துக்கொண்டது பானட்டுக்குள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"என்மேல தப்பில்ல. கரண்டே சரியா வரல. பேட்டரிக்கு வயசாயிடுச்சு" என்றது ஸ்டார்ட்டர் மோட்டார்.

பேட்டரிக்குச் சுருக்கென்றது. அதன் உடம்பு நிறைய சார்ஜ் இருந்தது.

பக்கத்திலிருந்த வயர் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, நேத்து என்னைக் கழட்டிட்டு உங்க தலையில சந்தனம் அப்பினாரே, அது காஞ்சுபோய் நடுவுல நிக்குது. நாம ரெண்டு பேரும் சரியாத் தொட்டுக்கவே இல்ல."

"பூஜைச் சந்தனம்டா! இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே மரியாதை. அதை விடச் சொல்றியா?"

வெளியே தில்லைநாயகம் காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

பேட்டரிக்கு அது கேட்டது. அவர் கடைசியாக ஒருமுறை சாவியைத் திருகியபோது, பேட்டரி இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளியது. சந்தனம் சூடாகிக் கருகியது. கமகமவென்று புகை.

"அட, பூஜை வாசனை!" மோப்பம் பிடித்து வந்து பானட்டைத் திறந்தவர் வயரைக் கழற்றினார். சந்தனத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு இறுக்கி மாட்டி, மறுபடி சாவியைத் திருகினார். இஞ்சின் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது.

"சந்தனம் போச்சேன்னு வருத்தமா அண்ணே?" என்றது வயர்.

"சும்மா இருடா. இப்பத்தான் நீ பக்கத்துல இருக்கறதே தெரியுது."