நானூறுக்கு ஒரு கத்தி

அந்தப் பெண்மணி விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுவதை சூப்பர்வைசர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

சின்னக் கத்தியில் இருந்த நானூறு ஸ்டிக்கர் நைசாகக் கழன்று வந்தது. அடுத்த நிமிடம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க் கத்தியின் உறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் இருந்த பழைய ஸ்டிக்கர் கைப்பைக்குள் போயிற்று.

'அடி சக்கை! பார்த்தா பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்காங்க. வேலையைப் பாரேன்!'

கூடாரம், கயிறு, டார்ச் எல்லாம் விற்கிற கடை அது. போன மாதம் இதே மாதிரி யாரோ ஸ்டிக்கரை மாற்றி, விலை உயர்ந்த ஷூ ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "நீயெல்லாம் எதுக்குய்யா இங்க நிக்கறே?" என்று முதலாளி சூப்பர்வைசரைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

உடனே கேட்டால் மழுப்பிவிடுவாள். பில் போடும் இடத்துக்கு வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பொறுத்துக்கொண்டார்.

"என்னங்க, கயிறு பார்த்தது போதும். கத்தியெல்லாம் இங்க இருக்கு, வாங்க" என்று அவள் குரல் கொடுத்தாள்.

வெயிலில் கறுத்த முகத்தோடு கணவர் வந்தார். வாய் ஓயாத மனிதர்.

"நான் சர்வேயர் சார். நாளைக்குக் காலைல காட்டுக்குள்ள போறேன். பன்னிரண்டு நாள், தனியாத்தான். கத்தி நல்லதா இருக்கணும், ஐந்நூறைத் தாண்டக் கூடாது. பொண்ணு காலேஜ் சேர்ற வருஷம் பாருங்க."

"பாருங்க, பாருங்க" என்றார் சூப்பர்வைசர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போன தடவை மலிவா ஒண்ணு வாங்கினேன். கிளையை வெட்டறப்போ பிடி தனியா, கத்தி தனியா வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து மழை வேற. ஈர விறகா இருந்தாலும் மேலால சீவி எறிஞ்சா உள்ள காஞ்சதா இருக்கும். சீவக் கத்தி வேணுமே! ரெண்டு நாள் நெருப்பே இல்லாம வெடவெடன்னு நடுங்கிட்டுக் கெடந்தேன்."

கதை சொல்வது மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"நினைவில்லாமக் கெடந்த உங்களைத் தூக்கிட்டு வந்தாங்க. அதையும் சொல்லுங்க."

"அட, விடு. உசிரோடதானே நிக்கறேன்!"

ஒவ்வொரு கத்தியாக எடுத்துப் பிடியை ஆட்டிப் பார்த்தார். சிலதை முகர்ந்துகூடப் பார்த்தார், எதற்கோ. கடைசியில் அந்தக் கத்தி கைக்கு வந்தது.

"ஆகா, இது கத்தி! பிடிக்குள்ள கடைசிவரைக்கும் ஒரே இரும்பு ஓடுது பாருங்க. மேல கட்டையால அடிச்சு விறகு பிளந்தாலும் அசையாது." உறையைத் திருப்பியவர் கண்ணை அகல விரித்தார். "நானூறுதானா! பாத்தியா? தேடினா கிடைக்கும்னு நான் சொன்னேனா இல்லையா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

'அடேங்கப்பா, என்ன நடிப்பு!' சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருமே கூட்டுக் களவாணிகள் என்று முடிவு கட்டிவிட்டார்.

சர்வேயர் நானூறை எடுத்து வைத்தார். பில் போடும் பெண்ணும் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் வாங்கிக்கொண்டாள்.

"நில்லுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, இந்த ஸ்டிக்கரை மாத்தினது யாரு? நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். கைப்பையைத் திறங்க."

அவள் முகம் செத்துவிட்டது. பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"என்ன சார் பேசறீங்க?" என்று சர்வேயர் எகிறினார். "ஏய், நீ வாயைத் திறந்து சொல்லேன், இல்லைன்னு."

அவள் கண் நிறைந்து வழிந்தது. சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சர்வேயரின் குரல் இறங்கிப் போயிற்று.

"நீயா?"



"சார், ஒரு நிமிஷம் இதைப் பார்த்துடுங்க." பில் போடும் பெண் மேசை டிராயரிலிருந்து ஒரு ரசீதை எடுத்து சூப்பர்வைசரின் உள்ளங்கையில் திணித்தாள்.

அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மதியம் ஒன்றரை மணிக்குப் போட்ட ரசீது. பின்பக்கம் அவசர எழுத்து:

'சார், இந்த அம்மா கத்திக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு இப்பவே கட்டிட்டாங்க. மீதி நானூறை அவங்க வீட்டுக்காரர் சாயங்காலம் கட்டுவார். நிஜ விலை தெரிஞ்சா அவர் தொடவே மாட்டாராம். ஸ்டிக்கரை மட்டும் மாத்திக்கறேன்னு அழுதாங்க. திட்டாதீங்க சார்.'

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். 'சொல்லிடாதீங்க' என்று அவள் கண் கெஞ்சியது. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மன்னிச்சிடுங்கம்மா. வேற யாரையோ பார்த்துட்டு உங்களைச் சொல்லிட்டேன். என் கண்ணுலதான் கோளாறு. இந்தக் கத்தி விலை நானூறேதான்."

சர்வேயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. மனைவியின் தோளை அணைத்துக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்துக் கத்தினார்:

"யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னீங்க? இருபது வருஷமா பார்க்கறேன். என் பொண்டாட்டிக்கு ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாது சார்!"