வெளிக்குள்

கழுத்திலிருந்து தோள்பட்டை வரை ஒரே இழுப்பு. பதினாறு வயதில் தாள் கட்டுத் தூக்கிய தோள். இப்போது கணினி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைக்கூடத் தாங்கமாட்டேன் என்கிறது.

நாலாவது முறையாக அதே பக்கம் திரும்பி வந்திருந்தது. அதே வரி. அதே சிவப்பு வட்டம்.

‘உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் தொடர்முறை ஒவ்வொன்றின் எல்லையும் வெளியில் இருந்தால், அது முழுமையான வெளி.’

கல்லூரிக் கணக்குப் புத்தகம். எழுதிய பேராசிரியை என் முதுகுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அச்சு இயந்திரத்தில் ஏற்றியாக வேண்டும்.

வெளியில் இருந்தால் என்றால் வெளியே இருந்தால் என்றுதானே எவனும் படிப்பான். முதல் தடவை நானே ‘வெளியே’ என்று மாற்றித் திட்டு வாங்கினேன். அடுத்த தடவை நான் சரியாக அடித்தேன்; மெய்ப்புப் பார்க்கிற பெரியவர் ‘வெளியே’ ஆக்கினார். மூன்றாவது தடவை அவர் ஓரத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“வெளின்னா வெளியே இல்லண்ணா, புள்ளிங்க இருக்கிற இடம். அதுக்கு உள்ளே. புள்ளியெல்லாம் கிட்டக் கிட்டப் போயி, கடைசியில சேர்ற இடமும் உள்ளேயே இருக்கணும். இல்லேன்னா அங்க ஓட்டைன்னு அர்த்தம். எத்தனை தடவை சொல்றது?”

இந்த அச்சகத்தில் எல்லாருக்கும் நான் அண்ணன்தான். என்னைவிட மூத்த முதலாளிக்கும்கூட.

“அப்ப ‘வெளிக்குள்’னு போட்டுத் தொலையேன்.”

நாலு நாள் மண்டையடி ஐந்து எழுத்தில் தீர்ந்தது. சிவப்புப் பேனாவை மூடினாள்.

இனி ஒரே பக்கம். நன்றியுரை. அதைப் பார்க்கத்தான் இந்த வேலையை வேறு யார் தலையிலும் கட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து தாளை உருவிக் கொடுத்தாள்.

அடித்தேன்.

வழிகாட்டிய பேராசிரியர். துறைத்தலைவர். கணவர், மாமனார், மாமியார். அச்சகத்தார். கடைசியில், ‘வறுமையிலும் என்னைப் படிக்கவைத்த என் பெற்றோர்.’

அவள் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் அப்பா செத்துப்போனார். அம்மா அதற்கும் முன்னாலேயே. பத்தாவதோடு புத்தகப் பையை இறக்கிவைத்துவிட்டுத் தாள் கட்டைத் தூக்கினவன் நான்.

பிழை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்றேன்.

பக்கம் இயந்திரத்துக்குப் போனது. என் தங்கை எனக்கு ஒரு வரி பாக்கி.