அடியில் உட்காராதது

அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். சாயப்பட்டறை முதலாளி அவிநாசியப்பன். அவருடைய சம்பந்தி, வீட்டுக்காரர் நாச்சிமுத்து. மாப்பிள்ளை கிருபாகரன். மகள் கோகிலவாணி.

ஐந்தாவது ஆள் கிடையாது.

ஆற்றின் போக்கில் பட்டறைக்குக் கீழே நாச்சிமுத்துவின் தோப்பு. தென்னைகள் மட்டை கருகி நின்றன. பட்டறை மேல் ஊரார் எழுதிய மனுவில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

அது விழுந்தால் பட்டறை போகும். அதைவிட, பெண் கொடுத்த இடத்தில் பேர் போகும்.

அவிநாசியப்பன் கெஞ்ச வரவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் கெஞ்சியதில்லை. காட்ட வந்தார்.

கண்ணாடிக் குடுவையில் பட்டறைக் கழிவு. ரத்தச் சிவப்பு. அழுக்கைத் திரட்டும் அன்னபேதிக் கரைசலை ஊற்றினார். சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினார். கலக்கினார்.

பால் போலத் திரிந்தது. கரும்பச்சைத் திரிகள் ஒன்றையொன்று பற்றி, கனத்து, மெல்ல இறங்கின. சிவப்பையும் கூட்டிக்கொண்டு போயின.

மேலே தெளிந்த தண்ணீர்.

"புதுசாத் தொட்டி கட்டியிருக்கறனுங்க, சம்பந்தி. இனி ஆத்துக்கு வர்றது இந்தத் தண்ணிதானுங்க."

நாச்சிமுத்து குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புகிற முகம்.

"உப்பும் அடியில உக்காந்துருமுங்களா, மாமா?" என்றான் கிருபாகரன்.

சாயம் துணியைப் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்ட வேண்டும். எந்தச் சுண்ணாம்பும் அதைப் பிடித்து இழுக்காது. அவிநாசியப்பனுக்குத் தெரியும்.

பொய் சொல்லிப் பழகாத வாய். குடுவையை ஓரமாக நகர்த்திவைத்தார்.

வந்ததும் நீட்ட வேண்டிய சொம்புத் தண்ணீரை மகள் அதுவரை கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது உள்ளே போய்க் கொண்டுவந்தாள்.

"கேன் தண்ணி விருந்தாளிங்களுக்குங்கப்பா. இந்தக் கெணத்துத் தண்ணி எங்களுக்கு."

சொம்பைத் தட்டினால் உறவைத் தட்டியது போல.

வாங்கி அண்ணாந்தார். வாயெல்லாம் உப்புக் கரித்தது.

நிறுத்தவில்லை.

காலிச் சொம்பை மகளிடம் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடி முடிவதற்குள் பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி அவிநாசியப்பன் மடியில்.

சம்பந்தி கையெழுத்துப் போட்டுத்தான் மூடவைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

தவறு. அந்த மனுவில் நாச்சிமுத்து கையெழுத்துப் போடவே இல்லை.