மெஷின் சொல்லாத பெயர்

மீன் கெட்டுப்போனால் நீலமாக மாறும் காகிதப் பட்டையை முத்துச்செல்வியும் ஷீபாவும் தூத்துக்குடியில் விடுதி அறையில் வைத்துக் கண்டுபிடித்தார்கள். பட்டை உண்மை சொல்கிறதா என்று பார்ப்பதற்காக, நீலமான மீனைக் குழம்பு வைத்துத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவள் ஷீபா.

அதைக் கம்பெனியாக்க உதவி கேட்டு அவர்கள் போன பல்கலைக்கழகத் தொழில்முனைவோர் மையத்தில் கூட்டாளிகளைத் தனித்தனியாகத்தான் அழைப்பார்கள். ஒரு கம்பெனியின் பத்து வருடத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடும் இயந்திரம் அங்கே இருந்தது.

"உங்க கம்பெனி நல்லா வரும்மா," என்றார் அதிகாரி முத்துச்செல்வியிடம். "ஆனா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னொருத்தரைக் கழட்டி விட்டுருவாங்க."

"யாரு சார்?"

"அதை மெஷின் சொல்லாது. தனியா செய்றதா இருந்தா ஆய்வகம், முதலீடு எல்லாம் இன்னைக்கே தந்துருவோம்."

ஷீபாவுக்கு வாய்ச் சாமர்த்தியம் அதிகம். எங்கே போனாலும் எல்லோரும் அவளிடம்தான் முதலில் பேசுவார்கள். அதை நினைத்ததும், கழட்டி விடப்போவது அவள்தான் என்று முத்துச்செல்விக்குப் பயம் வந்துவிட்டது. தனியாகவே செய்வதாகத் திரையில் கட்டைவிரலை வைத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஷீபா இரண்டு டீயோடு நின்றாள்.

"என்னட்டி, உனக்கும் அந்தப் பூச்சாண்டியக் காட்டுனாங்களா?"

"உன்கிட்டயும் சொன்னாங்களா?"

"காலையிலயே சொன்னாங்க. விட்டுட்டுப் போறது அவளா இருந்தாலும் பரவால்ல சார், சேர்ந்தே செய்யுதோம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்தா பிடி, ஆறிரப் போவுது."

முத்துச்செல்வி டீயை வாங்கிக்கொண்டாள். மெஷின் சொல்லாத பெயரைத் தான் எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.