என் மேசையின் சிவப்பு விளக்கு

எங்கள் அலுவலகத்தில் மேசை விளக்கு, அங்கே உட்கார்ந்திருப்பவரின் மனத்தைக் காட்டும். துயரம் என்றால் சிவப்பு. நிம்மதி என்றால் பச்சை. என் மனைவியின் காரியம் முடிந்து திரும்பியபோது என்னுடையது பச்சையாக எரிந்தது. எனக்குள் எதுவுமே இல்லை. விளக்குக்கு அதுவும் நிம்மதிதான்.

மறுநாள் அது சிவந்திருந்தது. எல்லோரும் என் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வனஜா மேடம் என் கையைப் பிடித்து அழுதார்.

பக்கத்து மேசை இர்ஃபான் காதருகே குனிந்தான். "நான்தான் மச்சான் செவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் மாத்தி வச்சேன். பொண்டாட்டி செத்தும் பச்சையா எரியுதேன்னு கண்டபடி பேசுறானுங்க."

நான் விளக்கின் அடியில் எட்டிப் பார்த்தேன்.

"நிஜமாவே அழுகை வந்தா பச்சையா எரியும், சொல்லுடா. பழையபடி மாத்திடறேன்."

அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. எதிர்க்கோடியில் வேறு இடம் கேட்டேன். அந்தச் சிவப்பைப் பார்த்து உடனே கொடுத்துவிட்டார்கள்.