தலை நிமிராத மேனேஜர்

"இனிமே அந்த பேங்க்ல எனக்குக் கணக்கே வேண்டாம். நாளைக்கே மூடப்போறேன்!"

கைப்பையைச் சோபாவில் வீசினாள் மனைவி. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் திரும்பினார்.

"பதினெட்டு வருஷக் கணக்கு! அப்படி என்ன ஆச்சு?"

"கடையில கார்டு வேலை செய்யலை. நேரா பேங்க்குக்குப் போனேன். ஒரு மணி நேரம் கால் கடுக்க நிக்க வெச்சுட்டு, மேனேஜரைப் பாருங்கன்னாங்க. போன மாசம் மாற்றலாகி வந்த ஆள். ரெண்டு தடவை 'சார்'னு கூப்பிட்டேன். கம்ப்யூட்டர்லேர்ந்து கண்ணை எடுக்காம, 'நாளைக்கு வாங்க'ன்னு கையை ஆட்டி விரட்டிட்டான்!"

"மாசக் கடைசி. மேனேஜருக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"எதிர் பேங்க்ல மட்டும் மாசக் கடைசி இல்லையா? உட்கார வெச்சுப் பேசினாங்க. அரை மணியில புதுக் கணக்கு ஆரம்பிச்சாச்சு."

அவர் குரல் இறங்கியது. "நீ யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குச் சொல்லணும்? சொல்லிக்க ஆள் இல்லாதவங்க எல்லாம் நடையா நடக்கணுமா?"

அவர் குனிந்தபடி, கழற்றிய சட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தியிருந்தா, எதிர்ல நின்னது உங்க பொண்டாட்டின்னு தெரிஞ்சிருக்கும், மேனேஜர் சார்!"